கட்டிங் டேபிள் பதில்கள்: "வீட்டுக்குத்தானே, இது போதும்!"

(ஈரோட்டில் ஆண், பெண் இருவருக்கும் துணி வெட்டித் தைத்து, இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டுக் காஜா (பட்டன் துளை) மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கட்டிங் மாஸ்டர் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் தினசரி உடுப்பு பற்றி வந்த கேள்விகள்.)

மூன்று டி-ஷர்ட் 499 ரூபாய் என்று வாங்கினேன். இரண்டு துவைப்பிலேயே பக்கத்துத் தையல் முன்னால் வந்து தொப்புளைப் பார்க்கிறது. தைத்தவர் தப்பா, மெஷினில் போட்ட என் தப்பா?
வாசகர், பல்லடம்

இரண்டு பேர் தப்பும் இல்லைங்க, துணியின் தப்பு. டி-ஷர்ட்டுக்கு வரும் சிங்கிள் ஜெர்சி, வட்ட மெஷினில் குழாயாகப் பின்னி இறங்குகிறது. பின்னுகிற நூலில் முறுக்கு உண்டு. தண்ணீர் பட்டதும் அந்த முறுக்கு அவிழப் பார்க்கும். கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும். சாய்கிற துணி தையலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நல்ல கம்பெனியில், சாயப்பட்டறையிலிருந்து வந்த துணிக்கு நீராவி காட்டி, காம்பேக்டிங் செய்து, சுருங்கவேண்டியதை முன்னாலேயே சுருங்கவைத்து, கண்ணி நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டுவார்கள். மூன்று உருப்படியை 499-க்குத் தரவேண்டும் என்றால் இதில் ஏதாவது ஒரு வேலையை விட்டால்தான் கட்டும்.

அடுத்த முறை கடையில் சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலை ஒட்டி நெடுக்கே ஓடும் கண்ணிக் கோடு, அக்குளில் தொடங்கிக் கீழ் மடிப்புவரை தையலோடு சேர்ந்தே வருகிறதா? பாதி வழியில் சாய்ந்து விலகினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கழுத்துப் பட்டையை இழுத்துவிடுங்கள், சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். தோள் தையலுக்குள் டேப் வைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேப் இல்லாத தோள் ஹேங்கரில் மாட்ட மாட்டத் தொங்கிவிடும்.

பிறகு ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 140 என்றால் உள்ளே போட்ட பனியன் தெரியும். 180 தினசரிக்கு நன்றாக உழைக்கும். காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கு வரும் பிக்கே துணி 220 பக்கம் வரும். பையன்கள் போடும் தொளதொள டி-ஷர்ட் 240-க்குப் போகிறது, அதைச் சித்திரை மாதம் எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நம் வெயிலுக்கு 160 முதல் 180 வரை சரி. லேபிளில் போட்டிருக்காவிட்டால் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடைக்காரர் வேறு எதையும் சரியாகச் சொல்லப்போவதில்லை. பல்லடத்துக்காரர் நீங்கள், திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு பஸ்தான். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு அங்கே வருகிறது. பொறுமையாகப் புரட்டினால் இதே காசுக்கு இரண்டு நல்ல உருப்படி கிடைக்கும். மூன்று கிடைக்காது.

கடிதத்தின் கடைசியில் "வீட்டில் போடத்தானே என்று வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் அடுத்த பதிலில் வருகிறேன்.

என் மருமகள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய்ப் பால் வாங்கி வருகிறாள். நான் சொன்னால் சண்டை வருகிறது. நீங்கள் பெரியவர், பத்திரிகையில் எழுதினால் கேட்பாள்.
வாசகி, கோபிசெட்டிபாளையம்

அம்மா, என் பேச்சை என் மருமகளே கேட்பதில்லை. உங்கள் மருமகள் கேட்பார் என்று எந்த நம்பிக்கையில் எழுதினீர்களோ!

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஆந்திராவில், அப்போதைய மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோக்கலப்பள்ளி என்று ஒரு கிராமம். 2018-ல் அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை எந்தப் பெண்ணும் நைட்டி போடக்கூடாது, மீறினால் 2,000 ரூபாய் தண்டம் என்று தீர்மானம் போட்டார்கள். காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. விஷயம் பத்திரிகையில் வந்து, அதிகாரிகள் ஊருக்கே போய் விசாரிக்கும்படி ஆயிற்று. ஆண்களின் உடுப்புக்கு அந்த ஊரில் நேரம் குறித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

நைட்டி ஏன் இப்படி வீட்டுக்கு வீடு நுழைந்தது என்று தைக்கிறவனுக்குத் தெரியும். ஒரே உருப்படி. பின் குத்தவேண்டாம், கொசுவம் வைக்கவேண்டாம், அடுப்படியில் முந்தானை பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் இல்லை. கர்ப்பமாக இருந்தாலும் கைக்குழந்தை இருந்தாலும் தோதான உடுப்பு. குறை அதைத் தைக்கிற விதத்தில்தான். ராத்திரிக்கு என்று பிறந்த உடுப்பு அல்லவா? துணி மெல்லிசு, கழுத்து அகலம், பாக்கெட் கிடையாது. அதைப் பகல் முழுவதும் போட்டுக்கொண்டு, குறையை மறைக்க மேலே ஒரு துண்டைப் போடுகிறார்கள். உங்கள் மருமகள் துண்டு போடுகிறாரே, தெருவுக்கு என்று ஒரு மரியாதை இருப்பது அவருக்கும் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? பாதி வழி அவர் வந்துவிட்டார். மீதிப் பாதியை நீங்கள் தையல் கடைக்கு நடக்கலாம்.

மூன்று மீட்டர் காட்டன் பிட் எடுங்கள். ரேயான் வேண்டாம், நனைந்தால் பலம் இழக்கிற துணி அது, தினமும் அடித்துத் துவைக்கத் தாங்காது. எடுத்த பிட்டை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு, பிறகு தைக்கக் கொடுங்கள். மார்புப் பட்டைக்கு உள்ளே மல் துணியில் லைனிங் வைக்கச் சொல்லுங்கள். கழுத்து இறக்கம் 6 இன்ச்சுக்கு மேல் போகவேண்டாம். கை முழங்கைவரை வரட்டும். வலது பக்கத் தையலில் போனும் சில்லறையும் கொள்ளும்படி ஒரு பாக்கெட். நீளம் கணுக்காலுக்கு 2 இன்ச் மேலே நிற்கட்டும், மாடிப்படியில் தடுக்காது. இப்படித் தைத்ததைப் போட்டுக்கொண்டு பால் கடைக்கென்ன, பேங்குக்கே போகலாம், துண்டு தேவைப்படாது. இரண்டு தைத்து நீங்களே மருமகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மகன் என்ன உடுத்திக்கொண்டு வாசலில் நின்று பேப்பர் படிக்கிறார்? அக்குளில் ஓட்டை விழுந்த பனியனும், கம்பெனி விளம்பரம் அச்சடித்த அரைக்கால் டவுசரும்தானே? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே.

நம் வீடுகளில் துணிக்கு ஒரு இறங்கு வரிசை இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்டது பழசானால் ஆபீசுக்கு. ஆபீசுக்குப் போடமுடியாதது வீட்டுக்கு. வீட்டுக்கும் ஆகாதது வண்டி துடைக்க. ஆக, நாம் அதிக நேரம் உடுத்துகிற உடுப்பு எதுவோ அதை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை, அதுவாக வந்து சேருகிறது. 6,000 ரூபாய்ப் பட்டுச்சேலையை வாழ்நாளில் 12 தடவை கட்டினால் ஒரு தடவைக்கு 500 ரூபாய். 600 ரூபாய்க்குத் துணியும் கூலியும் போட்டுத் தைத்த நைட்டியை 150 நாள் உடுத்தினால் நாளுக்கு 4 ரூபாய். அந்த 4 ரூபாயை 3 ஆக்குவதற்காக நாம் கனி ஜவுளி மார்க்கெட்டில் நின்று பேரம் பேசுகிறோம். பட்டுக்கடையிலோ வாயே திறப்பதில்லை.

சட்டையை இன் பண்ணுவதா, வெளியே விடுவதா? எனக்கு எது பொருந்தும்?
வாசகர், சேலம்

அதைச் சட்டையே சொல்லிவிடும். கீழ்விளிம்பு முன்னும் பின்னும் வளைந்து வாலாக இறங்கியிருந்தால் உள்ளே விடுவதற்கென்று வெட்டியது. நேராக, பக்கத்தில் சிறிய பிளவோடு இருந்தால் வெளியே விட. வெளியே விடும் சட்டை, பேன்ட்டின் ஜிப் முடியும் இடத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் தம்பி சட்டையை அண்ணனுக்குப் போட்டதற்கு நேர்மாறாகத் தெரியும். ஏற்கெனவே வால் வைத்த சட்டைதான் இருக்கிறது, இன் பண்ணப் பிடிக்கவில்லை என்றால் எந்தத் தையல்காரரும் அரை மணியில் நேராக வெட்டி மடித்துக் கொடுத்துவிடுவார்.

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஜீன்ஸ், டி-ஷர்ட் போடக்கூடாது என்கிறார்கள். அப்படிச் சட்டம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை மட்டுமாவது போடலாமா?
வாசகர், பவானி

வெள்ளிக்கிழமைக் கணக்கு ஐ.டி. கம்பெனிகளோடது தம்பி, நம் தாலுகா ஆபீசுக்கு வந்து சேரவில்லை. 2019-ல் தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓர் அரசாணை வந்தது. பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்கள் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும், அல்லது வேட்டி உள்ளிட்ட நம் பாரம்பரிய உடை. கேஷுவல் உடுப்பைத் தவிர்க்கவேண்டும். இதுதான் சாரம். அதன்படி டி-ஷர்ட் கிடையாது, ஜீன்ஸும் ஃபார்மல் பேன்ட் என்ற சொல்லுக்குள் வராது. மேலதிகாரி கண்டுகொள்ளாமல் இருப்பது அவர் குணம், உங்கள் உரிமை ஆகாது.

ஆனால் ஆணையில் ஒரு நல்ல வழி இருப்பதைப் புதிதாகச் சேருகிறவர்கள் பார்ப்பதில்லை. மே மாதம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மனு வாங்குகிறவருக்கு வேட்டியைவிடக் காற்றோட்டமான உடுப்பு எது? "வேட்டி கட்டினால் கட்சிக்காரர் என்று நினைத்துவிடுவார்கள்" என்று தயங்குகிறார்கள். கரை மெல்லிசாக இருந்தால் யாரும் நினைக்கமாட்டார்கள். நாலு முழம் வேண்டாம், எட்டு முழம் இரட்டை வேட்டியாகக் கட்டுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே நின்றாலும் கால் தெரியாது. அவிழுமோ என்று பயமாக இருந்தால் ஒட்டுப்பட்டையும் பாக்கெட்டும் வைத்தது கிடைக்கிறது. என்னைப் போன்ற பழைய ஆட்கள் அதைக் கேலி பேசுவோம், நீங்கள் காதில் வாங்காதீர்கள்.

பேன்ட்தான் என்றால், சாம்பல் ஒன்று, கருநீலம் ஒன்று, பாலியெஸ்டர்-விஸ்கோஸ் கலப்பில் தைத்துக்கொள்ளுங்கள். கீழே 2 இன்ச் துணி உள்மடிப்பாகவும், இடுப்பில் கொஞ்சம் தளர்வாகவும் விடச் சொல்லுங்கள். ஜீன்ஸ் போடாமலேயே வயிற்றிலும் பின்பக்கத்திலும் இளைப்பாற இடம் கிடைக்கும். நீங்கள் ஜீன்ஸில் தேடுவதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

லுங்கியோடு கடைவீதிக்குப் போனால் என் மனைவி "மானம் போகிறது" என்கிறாள். வெளிநாட்டுக்காரன் இதே கட்டத்தைச் சட்டையாகப் போட்டால் ஃபேஷன் என்கிறார்களே?
வாசகர், குமாரபாளையம்

லுங்கி நெய்கிற ஊரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

நம் கடலோரத்தில் நெய்த கட்டத் துணி பல நூற்றாண்டாகக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்குப் பெரிய மதிப்பு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் பிறப்பு, இறப்புச் சடங்குகளிலேயே இந்தத் துணியை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன கதை வேறு. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டத் துணி வாங்கினார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய துணிக்கடைக்குப் போய்ச் சட்டையாகவும் கோட்டாகவும் ஆயிற்று. தாவரச் சாயம், சாயம் போகும், குளிர்ந்த நீரில் தனியாக அலசவேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் வாங்கினவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் கரைந்து கூடக் கிடந்த துணிக்கெல்லாம் ஏறியது, புகார் குவிந்தது. பிறகு விளம்பரக்காரர்கள் புகுந்தார்கள். "சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்" என்று விற்கத் தொடங்கினார்கள்! ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் ஒன்றோடொன்று கலந்து புதிதாகும், உங்கள் சட்டை மாதிரி இன்னொன்று உலகத்தில் இருக்காது என்று பேச்சு. கல்லூரிப் பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். என் கடையில் ஒருவர் துணிக்குச் சாயம் போய், நான் அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் இன்ச் டேப்பால் என் கழுத்தை நெரித்திருப்பார்.

அந்த ஊரில் அது கோடைக்கால ஓய்வு உடுப்பு. கடற்கரைக்குப் போட்டார்கள், வேலைக்குப் போடவில்லை. அங்கேயும் இடம் பார்த்துத்தான் உடுத்தினார்கள். ஆக, உங்கள் மனைவி லுங்கியைக் குறை சொல்கிறாரா, அந்த லுங்கியின் நிலைமையைச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் வெளுத்து, உட்காரும் இடத்தில் சல்லடையாகி, மூட்டிய தையல் பிரிந்து, தொடைக்கு மேலே மடித்துக் கட்டியதோடு காய்கறிக் கடையில் நின்றால் நானும் அம்மணி பக்கம்தான். சுருங்காத நூல் லுங்கி, பெட்டி போட்டது, இறக்கிவிட்டுக் கட்டியது, மேலே ஒரு சுத்தமான அரைக்கைச் சட்டை. இப்படிப் போனால் என்ன மானம் போய்விடும்? வெளியே போக ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வேட்டிக்கு இங்கே சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் நீதிபதி ஹரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போனபோது, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கக் கிளப்புக்குள் அவரை விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்தியதற்காக ஒருவரைக் கிளப் போன்ற இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். லுங்கிக்கும் அது செல்லுமா என்று கிளப் வாசலில் நின்று சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜீன்ஸை எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைக்கவேண்டும்?
வாசகி, நாமக்கல்

இணையத்தில் ஆறு மாதம் துவைக்காதே என்று சொல்கிறவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். நம் வேர்வைக்கு நாலைந்து தடவை போட்டதும் துவைத்துவிடுங்கள். உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், நிழலில் உலர்த்தினால் நீலம் நிற்கும். நெடுக்கு நூலில் மட்டும்தான் நீலம் இருக்கிறது, அதிலும் மேலோட்டமாக. குறுக்கு நூல் வெள்ளை. பிரஷ் போட்டுத் தேய்த்தால் வெள்ளை எட்டிப் பார்ப்பது அதனால்தான். இழுபடும் ஜீன்ஸுக்குச் சூடான இஸ்திரி கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் இழை செத்துவிடும்.

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தோள் முழங்கைக்கு வந்துவிட்டது போல ஒரு டி-ஷர்ட், முட்டி கிழிந்த பேன்ட். கோயிலுக்கும் அதே கோலம். கேட்டால் "கேஷுவல்பா" என்கிறான். என்ன செய்வது?
வாசகர், திருச்செங்கோடு

உங்கள் வயதைக் கடிதத்தில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவிடம் பெல்பாட்டம் போட்ட போட்டோ ஒன்று கட்டாயம் இருக்கும், தேடி எடுங்கள். கால் அகலம் தரையைக் கூட்டிக்கொண்டு போகும் அந்தப் பேன்ட்டின் விளிம்பு தேயாமல் இருக்க, நாங்கள் சுற்றிலும் பித்தளை ஜிப்பை வைத்துத் தைத்துக் கொடுத்தோம். கால் நுனியில் ஜிப்! அப்போதும் ஓர் அப்பா இதே கேள்வியோடு கடைக்கு வந்தார், பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவு ஆர்டர்.

டி-ஷர்ட் விஷயத்தில் நான் பையன் பக்கம். தோள் தையலை எலும்புக்கு 2 இன்ச் கீழே இறக்கி, கை சேருமிடத்தை ஆழப்படுத்தி, கழுத்தை மட்டும் சரியான அளவில் வைத்து வெட்டுவது ஒரு தனி வெட்டு. கஷ்டமான வெட்டும்கூட. அது தெரியாமல் சாதாரண டி-ஷர்ட்டிலேயே இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் போடுகிறவர்களுக்குத்தான் கழுத்து தொங்கி, பக்கம் உப்பி, கடன் வாங்கிய உடுப்பு மாதிரித் தெரியும். மகன் போடுவது எது என்று கழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்து ஒட்டி நின்றால் விட்டுவிடுங்கள்.

கிழிந்த முட்டி எனக்கும் பிடிக்காது. தையல்காரன் கிழிசலை ரசிப்பானா? ஆனால் பிடிக்காது என்பதைத் தாண்டி அதில் எனக்கு வேறு நியாயம் எதுவும் இல்லை. பைக்கில் விழுந்தால் முட்டியில் துணி இருப்பது நல்லது, அது ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒரு கருப்புத் துணி வைத்து அடித்துக் கொடுப்பதும் உண்டு, கிழிசல் மேலும் நீளாது.

கோயில் உடுப்பு கோர்ட்டுக்கே போன விஷயம். 2015 கடைசியில் ஒரு கிராமத் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டுப் போன வழக்கில், மதுரைக் கிளை நீதிபதி கோயில்களுக்கே உடைக் கட்டுப்பாடு விதித்தார். 2016 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. வாசலில் வேட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு நல்ல வியாபாரம். அதே மாதத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. எனவே சட்டத்தைக் காட்டி மகனை மிரட்டமுடியாது. உங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் படியேறும் நாளில் வேட்டி ஒன்றைப் பெட்டி போட்டுக் கட்டில்மேல் வைத்துவிடுங்கள், ஒன்றும் பேசாதீர்கள். கட்டத் தெரியாததால்தான் பாதிப் பையன்கள் வேட்டி வேண்டாம் என்கிறார்கள்.

அம்மாவுக்கு 70 வயது. மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. சேலை கட்டச் சிரமப்படுகிறார், சுடிதார் போட ஆசை என்று என்னிடம் மட்டும் சொன்னார். அண்ணன்கள் "இந்த வயதில் ஊர் சிரிக்கும்" என்கிறார்கள்.
பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெருந்துறை

ஊர் இரண்டு நாள் சிரிக்கும் அம்மணி. மூன்றாம் நாள் "எங்கே தைத்தீர்கள்?" என்று கேட்கும். என் கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன்களுக்குக் காட்ட ஒரு மருத்துவச் செய்தி. 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த டாக்டர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். இருவரும் வயதானவர்கள். ஒருவர் பாவாடை நாடாவையும், இன்னொருவர் பாவாடை இல்லாமல் லுக்டா என்ற சேலையையும் நெடுங்காலமாக இடுப்பில் இறுக்கிக் கட்டியவர்கள். ஒரே இடத்தில் கட்டு அறுத்து அறுத்து, ஆறாத புண்ணாகி, தோல் புற்றுநோயில் முடிந்திருக்கிறது. அபூர்வம்தான், பயந்துவிடாதீர்கள். ஆனால் இடுப்பில் கருத்துத் தடித்த கோடு இல்லாத பாட்டியை நம் ஊரில் பார்ப்பது கஷ்டம். அம்மாவுக்கும் இருக்கும், பாருங்கள். புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தைக்கும் முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மேல் உடுப்பு முழுக்க முன்பக்கம் திறக்கட்டும், தலைவழியாகப் போட்டால் தோள் வலிக்கும். பெரிய பட்டன், கை காஜாவைவிட அழுத்து பட்டன் சுலபம். பக்கப் பிளவை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தச் சொல்லுங்கள், உட்கார்ந்தால் விலகித் தெரியாது. பேன்ட்டுக்கு நாடா வேண்டாம், ஒன்றரை இன்ச் அகல எலாஸ்டிக், இழுக்காமல் தளர வைத்தது. கால் அகலம் தாராளமாக இருக்கட்டும், முட்டிக்கு உறையோ கட்டோ போட்டாலும் உள்ளே கொள்ளவேண்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். நிறம் அம்மாவே எடுக்கட்டும். "வயசானவங்களுக்கு" என்று கடைக்காரர் காட்டும் சாம்பலையும் பழுப்பையும் நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துவிடாதீர்கள்.

விசேஷத்துக்குச் சேலைதான் வேண்டும் என்றால், கொசுவத்தை மடித்து அடித்து, இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, பாவாடை மாதிரி ஏற்றிக்கொள்ளும்படி தைத்துத் தருவார்கள். அம்மாவின் பழைய சேலையிலேயே செய்யலாம்.

ஒரு கம்பெனியில் எனக்கு எல், இன்னொன்றில் டபுள் எக்ஸ்எல். நான் என்ன சைஸ்?
வாசகர், கரூர்

நீங்கள் 42 இன்ச்சோ 44 இன்ச்சோதான். எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நம் உடம்புக்கென்று ஒரு பொது அளவுப் பட்டியல் நெடுங்காலம் இல்லை, அமெரிக்க, பிரிட்டிஷ் பட்டியல்களைக் கொஞ்சம் திருத்திப் போட்டுவந்தார்கள். 25,000 பேருக்கு மேல் அளந்து நமக்கே ஒரு பட்டியல் போடும் வேலையை நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனம் கையில் எடுத்தது. எப்படியானாலும் நீங்களே செய்யவேண்டியது: வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டையைக் கட்டிலில் விரித்து, தோள் முனையிலிருந்து முனை, அக்குளிலிருந்து அக்குள், பின் கழுத்திலிருந்து கீழ்விளிம்பு அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டேப் கேட்டு வாங்கி அளங்கள். வெட்கம் எதற்கு? தோள் சரியாக இருந்தால் எடுங்கள், உடம்பு தளர்வைக் குறைத்துக்கொள்ளலாம். தோள் பெரிதாக இருந்தால் வைத்துவிடுங்கள், அதை ஆல்டர் பண்ணுவது புதிதாகத் தைப்பதைவிட வேலை.

சட்டை தைக்கும் கூலிக்கு ரெடிமேட் சட்டையே கிடைக்கிறது. பிறகு எதற்குத் தையல்காரரிடம் வரவேண்டும்?
வாசகர், காங்கேயம்

சட்டைக்கு வராதீர்கள். ரெடிமேட் தோள் உங்களுக்குச் சரியாக உட்காருகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், என் மகனே ரெடிமேட்தான் போடுகிறான். எங்களிடம் ஆல்டருக்கு வாருங்கள். பேன்ட் கால் நீளத்தைக் குறைக்க, பக்கத்தை இரண்டு இன்ச் பிடிக்க, போன பட்டனுக்கு அதே நிறத்தில் பட்டன் போட எவ்வளவு ஆகிவிடும்? வரும்போது, எந்தச் செருப்பு அல்லது ஷூவோடு போடுவீர்களோ அதையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறுங்காலில் நின்று அளவு கொடுத்துவிட்டு, பிறகு "நீளம் குறைந்துவிட்டது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் ஆல்டர் எடுக்கமாட்டோம்.

(பிளவுஸ் பற்றி வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில். அளவு பிளவுஸைத் தபாலில் அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.)